கியூபாவிலிருந்து தொடங்குங்கள்: பன்னாட்டு உறவுகள் படிக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிவில் சர்வீஸ் தேர்வுக்காகவோ, எம்.ஏ. பட்டத்துக்காகவோ, செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கம் புரிந்தால் போதும் என்றோ பன்னாட்டு உறவுகள் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பாடநூலில் கோட்பாடுகள் வரும் அத்தியாயம் அது. யதார்த்தவாதம், தாராளவாதம், ஆக்கவாதம், மார்க்சியம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, நாலு அறிஞர் பெயர், சில விமர்சனங்கள். உருப்போட்டு எழுதி மார்க்கும் வாங்கிவிடலாம். ஆனால் மறுநாள் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்டு, ஏன் என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் வராது.

நான் சொல்லும் வழி தலைகீழானது. முதலில் ஒரே ஒரு சம்பவத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கோட்பாட்டையும் கூப்பிட்டு, இதில் நீ எதைப் பார்க்கிறாய், எதைக் கோட்டைவிடுகிறாய் என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுதப் பழகியவருக்குப் பாடம் வசப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

எந்தச் சம்பவம்? அமெரிக்காவுக்குப் பக்கத்துத் தீவான கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை வைத்ததால் 1962 அக்டோபரில் மூண்ட கியூபா ஏவுகணை நெருக்கடியைத்தான் நான் பரிந்துரைப்பேன். சிறியது, இரண்டு வாரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது. அமெரிக்க அதிபர் கென்னடி வெள்ளை மாளிகைக் கூட்டங்களை ரகசியமாக டேப்பில் பதிவு செய்திருந்தார். சோவியத் யூனியன் உடைந்தபின் அந்தப் பக்கத்து ஆவணங்களும் வெளிவந்தன. ஒரு நெருக்கடியின் இரண்டு தரப்பும் தத்தம் அறைக்குள் பேசிக்கொண்டதை இவ்வளவு படிக்கக் கிடைப்பது அபூர்வம். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு முழுத்தாளில் தேதிகள்

இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது. கருத்து எதுவும் எழுதக் கூடாது.

1961 ஏப்ரலில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்து அனுப்பிய கியூப அகதிப் படை கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்றது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாவுடனான வணிகத்தை அடியோடு தடை செய்தது. இந்தக் காலத்திலேயே துருக்கியில் 15 ஜூபிடர் அணு ஏவுகணைகளையும் அது நிறுத்தியிருந்தது. 1962 கோடையில் சோவியத் கப்பல்கள் படைகளையும் ஏவுகணைகளையும் ரகசியமாகக் கியூபாவுக்கு ஏற்றிச் சென்றன.

அக்டோபர் 14, யு-2 உளவு விமானம் ஏவுதளங்களைப் படம் பிடித்தது. 16, படம் கென்னடியின் மேசைக்கு வந்தது. 22, ஏவுகணைகள் இருப்பதையும், கியூபாவுக்கு ஆயுதக் கப்பல்கள் போகாமல் கடலில் தடுக்கப்போவதையும் அவர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 24, கடல் தடை அமலுக்கு வந்தது. 27, கியூபாவின் மேல் ஒரு யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். 28, ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக சோவியத் தலைவர் குருசேவ் மாஸ்கோ வானொலியில் அறிவித்தார். நவம்பர் 20, கடல் தடை விலக்கப்பட்டது. 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்த ஜூபிடர்களும் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன.

இப்போது வேறு நிறப் பேனா எடுத்து, அதே தாளில் மூன்று வரி சேருங்கள். அக்டோபர் 20, சீனப் படை இந்திய எல்லையில் பெருந்தாக்குதல் தொடங்கியது. நவம்பர் 21, சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. டிசம்பர் 10, கொழும்பில் ஆறு அணிசேரா நாடுகள் கூடின. இரண்டு நெருக்கடியும் ஒரே மாதத்தில் ஓடின. நமக்கான காரணம் இதுதான்.

எந்தத் தளத்தில் நின்று பேசுகிறீர்கள்?

அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959-ல் முன்வைத்த ஒரு எளிய பிரிப்பை முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஒரு போருக்கான காரணத்தை மூன்று தளங்களில் தேடலாம்: தனிமனிதர், நாடு, நாடுகளுக்கு இடையிலான அமைப்பு.

குருசேவ் ஏன் ஏவுகணை அனுப்பினார்? தனிமனிதத் தளத்தில் விடை: துணிந்து சூதாடும் சுபாவம் அவருக்கு, 1961 ஜூனில் வியன்னாவில் கென்னடியைச் சந்தித்தபோது இவர் அனுபவமில்லாதவர் என்று எடைபோட்டுவிட்டார். அமைப்புத் தளத்தில் விடை: உலகில் இரண்டே வல்லரசுகள், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளில் அமெரிக்கா வெகுதூரம் முன்னால் இருந்தது, கையிலிருக்கும் நடுத்தூர ஏவுகணையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் மலிவாக இடைவெளியைக் குறைக்கலாம்.

நடுத்தளத்தை, அதாவது நாட்டுக்குள் இருக்கும் அரசு எந்திரத்தை, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இத்தனை ரகசியமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்த ஏவுகணைகளைச் சோவியத் வீரர்கள் கியூபாவில் சரியான மறைப்பு இல்லாமல் நிறுத்தினார்கள். சொந்த நாட்டில் எந்த வரைபடப்படி ஏவுதளம் கட்டிப் பழகினார்களோ அதே வரைபடம், அதே அடுக்கு. மேலிருந்து பார்த்த அமெரிக்க நிபுணர்களுக்கு அந்த வடிவம் ஏற்கெனவே பழக்கம். தலைவர் ஒன்று நினைக்கிறார், துறை தன் வழக்கப்படி இன்னொன்றைச் செய்கிறது. அரசு அலுவலகம் ஒன்றில் நாலு நாள் அலைந்தவருக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

நம் தொலைக்காட்சி விவாதங்கள் முக்கால்வாசி முதல் தளத்திலேயே நடக்கின்றன. புதின் இப்படிப்பட்டவர், டிரம்ப் அப்படிப்பட்டவர் என்று மனோதத்துவம் பேசியே ஒரு மணி நேரம் போய்விடும். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தாலும் இது நடந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மேல் தளத்துக்கு ஏறுங்கள்.

யதார்த்தவாதம்: மேலே யாரும் இல்லை

வீட்டில் திருடு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். நாட்டில் திருடு போனால் போக ஸ்டேஷன் கிடையாது. யதார்த்தவாதத்தின் அடிக்கல் இவ்வளவுதான். நாடுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் இல்லாததால் அவரவர் பாதுகாப்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வலிமை வேண்டும். கிரேக்கத்தின் தூசிடிடீஸ் முதல் 1948-ல் எழுதிய மார்கந்தோ வரை இந்த மரபு நீள்கிறது. மார்கந்தோ மனித இயல்பின் அதிகார ஆசையில் காரணத்தைத் தேடினார். வால்ட்ஸ் 1979-ல் அதை மாற்றி, மனிதர் நல்லவரோ கெட்டவரோ, அமைப்பே நாடுகளை அப்படி நடக்க வைக்கிறது என்றார். பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு கருத்தை மட்டும் கட்டாயம் கைவசமாக்கிக்கொள்ளுங்கள்: பாதுகாப்பு இக்கட்டு. ஜான் ஹெர்ஸ் 1950-ல் இதை விளக்கினார். நான் என் பாதுகாப்புக்காக ஆயுதம் வாங்குகிறேன். என் மனதுக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியாது, என் கையில் இருப்பது மட்டும் தெரியும். ஆகவே நீங்களும் வாங்குகிறீர்கள். அதைப் பார்த்து நான் இன்னும் வாங்குகிறேன். முடிவில் இருவருமே முன்னைவிடப் பாதுகாப்பில்லாமல் நிற்கிறோம். துருக்கியில் ஜூபிடர் வைத்த அமெரிக்கா நேட்டோ ராணுவக் கூட்டணியைக் காப்பதாகவே நினைத்தது. கியூபாவைக் காக்கிறேன் என்று குருசேவ் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. யாரும் பொய் சொல்லாமலேயே உலகம் விளிம்புக்குப் போகலாம் என்பதுதான் இந்தக் கருத்தின் பயங்கரம்.

அடுத்து, தாமஸ் ஷெல்லிங் பிரித்துக் காட்டிய இரண்டு வகை மிரட்டல்கள். செய்யாதே என்று மிரட்டுவது ஒன்று, செய்ததைக் கைவிடு என்று மிரட்டுவது இன்னொன்று. 1962 செப்டம்பரில் கென்னடி இரண்டு முறை விடுத்த பகிரங்க எச்சரிக்கை முதல் வகை. அதற்குள் ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன, மிரட்டல் பலிக்கவில்லை. அக்டோபர் கடல் தடை இரண்டாவது வகை. இது எப்போதும் கடினம், ஏனென்றால் எதிராளி ஊரறியப் பின்வாங்க வேண்டும். அதனால்தான் அவருக்கு முகம் காக்க ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. கியூபாவின் மேல் படையெடுக்க மாட்டோம் என்ற உறுதி வெளிப்படையாக, ஜூபிடர்களை எடுத்துவிடுவோம் என்ற வாக்கு ரகசியமாக.

சரி, யதார்த்தவாதம் எங்கே தடுமாறுகிறது? அக்டோபர் 16 கூட்டத்திலேயே பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா, இந்த ஏவுகணைகளால் ராணுவச் சமநிலை மாறவில்லை என்றார். ரஷ்யாவிலிருந்து வரும் குண்டில் செத்தால் என்ன, பக்கத்துத் தீவிலிருந்து வரும் குண்டில் செத்தால் என்ன என்ற தொனியில் கென்னடியும் பேசினார். சமநிலை மாறாவிட்டால், அணுப்போர் அபாயத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவற்றை அகற்றச் சொன்னது ஏன்? வலிமையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்கில் இதற்கு நேரான விடை இல்லை. இந்த இடத்தில் தாளில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

தாராளவாதம், சுருக்கமாக

பெயரைப் பார்த்துச் சந்தைப் பொருளாதாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாடுகளுக்கு மேல் அதிகாரம் இல்லை என்பதை இவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் வணிகம், ஜனநாயகம், பன்னாட்டு அமைப்புகள் மூன்றும் போரின் விலையை ஏற்றி ஒத்துழைப்பைச் சாத்தியமாக்குகின்றன என்பது வாதம். 1795-ல் கான்ட், 1977-ல் கியோஹேனும் நையும் என்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கியூபாவில் என்ன தெரிகிறது? முற்றுகை என்பது சட்டப்படி போர்ச் செயல். ஆகவே அமெரிக்கா தன் கடல் தடைக்கு வேறு பெயர் சூட்டி, அக்டோபர் 23-ல், அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பின் தீர்மானத்தையும் வாங்கிக்கொண்டது. வல்லரசுக்கும் ஒரு சட்ட முகாந்திரம் தேவைப்பட்டது. ஐ.நா.வின் தற்காலிகப் பொதுச்செயலாளராக இருந்த பர்மாவின் ஊ தாண்ட் இரு தரப்புக்கும் கடிதம் எழுதி, இறங்கி வருவதற்கான சாக்கை இருவருக்கும் உண்டாக்கிக் கொடுத்தார்.

இன்னொரு சின்ன விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டொப்ரினின் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், சங்கேத எழுத்தில் எழுதி, தந்தி அலுவலகத்துக்கு போன் செய்வார்களாம். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிப்போவானாம். உலகின் உயிர் அந்தப் பையனின் பெடலில் தொங்கியது. அடுத்த ஜூனிலேயே இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தந்தி அச்சு இணைப்பு ஒப்பந்தமானது, ஆகஸ்டில் அணுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையும் வந்தது. தகவல் தாமதத்தைக் குறைத்தாலே அச்சம் குறையும் என்ற தாராளவாதக் கருத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் நெருக்கடியைத் தீர்த்த பேரம் எந்த அமைப்பிலும் நடக்கவில்லை. 27-ஆம் தேதி இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் டொப்ரினினும் தனியறையில் பேசி முடித்தார்கள். துருக்கியிடம் கேட்கவில்லை, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவிடமும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குறிக்கு ஆக்கவாதத்தின் விடை

அலெக்சாண்டர் வெண்ட் 1992-ல் சொன்னதன் சாரம் இது: மேலே அதிகாரம் இல்லை என்பதால் மட்டும் பயம் வந்துவிடாது, ஒருவரையொருவர் என்னவாகக் கருதுகிறார்கள் என்பதிலிருந்துதான் பயம் வருகிறது. அவர் பின்னர் கொடுத்த உதாரணம் பிரபலமானது. பிரிட்டனிடம் இருக்கும் 500 அணுகுண்டுகளைவிட வட கொரியாவிடம் இருக்கும் 5 குண்டுகள் அமெரிக்காவை அதிகம் பயமுறுத்தும் என்றார்.

துருக்கியில் 15 ஏவுகணைகள் சோவியத் எல்லைக்கு அருகில் நிற்கலாம், கியூபாவில் நிற்கக் கூடாது. ஏன்? ஐரோப்பிய நாடுகள் இனி அமெரிக்கக் கண்டங்களில் தலையிடக் கூடாது என்று 1823-ல் அதிபர் மன்றோ அறிவித்த காலத்திலிருந்து அமெரிக்கா அந்தப் பகுதியைத் தன் கொல்லைப்புறமாகவே எண்ணிப் பழகியது. மாற்றான் அங்கே வருவதே அவமதிப்பு. இன்னொன்றும் உண்டு. முன்னறிவிப்பின்றி விமானத் தாக்குதல் நடத்தலாம் என்று பேச்சு வந்தபோது, பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பான் பிரதமர் டோஜோவின் மனநிலை இப்போது தனக்குப் புரிகிறது என்று ராபர்ட் கென்னடி ஒரு துண்டுச்சீட்டு எழுதினார். நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்ற எண்ணம் ராணுவ யோசனை ஒன்றைப் பின்னுக்குத் தள்ளியது. எண்ணத்துக்கும் எடை உண்டு.

இதன் பலவீனம், நடந்து முடிந்தபின் எதையும் விளக்கிவிடும் என்பது. நாளை என்ன நடக்கும் என்று கேட்டால் நழுவும். தேர்வில் பல மாணவர்கள் ஆக்கவாதத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இந்தக் குறையை ஒரு வரி எழுதினால்தான் படித்தவர் எழுதியது போலிருக்கும்.

கியூபாவின் கரையில் நின்று பாருங்கள்

பாடநூல்கள் அவசரமாகக் கடக்கும் பகுதி இது. நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து படிக்கிறவர்கள் நின்று படிக்க வேண்டிய பகுதியும் இதுதான் என்பது என் கருத்து.

இந்தக் கதையை ஏன் எப்போதும் இரண்டு தலைவர்களின் மோதலாகவே சொல்கிறார்கள்? 1901-ல் பிளாட் திருத்தத்தின் வழியாகக் கியூப அரசியலில் தலையிடும் உரிமையை அமெரிக்கா எழுதி வாங்கிக்கொண்டது. 1903-ல் கியூபாவின் குவாந்தனாமோ அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்காகக் குத்தகைக்குப் போனது. பொருளாதாரமே சர்க்கரை, சர்க்கரைக்குச் சந்தை அமெரிக்கா. 1960-ல் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகள் மறுத்தன. காஸ்ட்ரோ ஆலைகளைக் கையகப்படுத்தினார். அன்றைய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கியூபாவிலிருந்து வாங்கும் சர்க்கரையின் ஒதுக்கீட்டை வெட்டினார். சார்புநிலைக் கோட்பாடு பேசுகிறவர்கள் கதையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஒற்றைப் பயிரையும் ஒற்றை வாடிக்கையாளரையும் நம்பிய நாட்டுக்கு இறையாண்மை காகிதத்தில்தான் இருக்கும்.

28-ஆம் தேதி அறிவிப்பு வந்தபோது காஸ்ட்ரோவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் ஐந்து நிபந்தனைகள் வைத்தார், அவற்றில் குவாந்தனாமோவைத் திருப்பித் தருவதும் ஒன்று. யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் ஏவுகணைகள் அகற்றப்படுவதைச் சரிபார்க்கும் ஆய்வாளர்களைத் தன் மண்ணில் கால்வைக்க விடவும் அவர் மறுத்துவிட்டார். கடைசியில் திரும்பிப்போகும் சோவியத் கப்பல்களின் தளத்தில் தார்ப்பாயை விலக்கிக் காட்ட, அமெரிக்கர்கள் விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் ஏவுகணைகளை எண்ணிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிறிய நாட்டுக்குக் கையாலாகாது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் எழுதுங்கள்.

பெண்ணியப் பார்வையும் இங்கே சேரும். முடிவெடுத்த அறைகளில் ஒரு பெண்கூட இல்லை என்பதோடு நிற்காமல், பின்வாங்குவது ஆண்மைக் குறைவு என்ற எண்ணம் பேச்சை எப்படி நடத்தியது என்று சிந்தியா என்லோ வழிவந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

தெரியாதவற்றுக்கு ஒரு பத்தி

தாளின் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். அன்று யாருக்கு என்ன தெரியாது என்று எழுதுவதற்கு.

கியூபாவில் 40,000-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள், அமெரிக்கர்கள் நினைத்தது அதில் ஒரு சிறு பகுதி. படையெடுத்து வருபவர்கள் மேல் போடுவதற்கென்று குறுந்தூர அணு ஆயுதங்கள் தீவில் இருந்தது வாஷிங்டனுக்குத் தெரியாது. 27-ஆம் தேதி பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. அதனுள் அணு டார்பிடோ இருந்தது. உள்ளே கொதிக்கும் வெப்பம், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை, மேலே போர் தொடங்கிவிட்டதா என்றும் தெரியாது. கேப்டன் டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், உடனிருந்த வசீலி ஆர்க்கிப்போவ் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் அந்தக் கப்பலில் இருந்த ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் சொன்னார். மிரட்டித் தடுக்கும் கோட்பாடு எல்லாமே எதிராளியைப் பற்றிய தகவல் சரியாக இருக்கிறது, தலைவரின் உத்தரவு கடைசி ஆள்வரை போய்ச் சேருகிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

அதே தாளில் இமயம்

இப்போது வேறு நிறப் பேனாவில் எழுதிய வரிகளுக்கு வாருங்கள். அக்டோபர் 25-ல் மாஸ்கோவின் பிராவ்தா நாளேடு இந்தியா எல்லையாகக் கொள்ளும் மக்மகோன் எல்லைக்கோட்டைத் தூற்றிச் சீனாவின் பக்கம் சாய்ந்து தலையங்கம் எழுதியது. நவம்பரில் மீண்டும் நடுநிலைக்குத் திரும்பியது. இந்தியாவோடு நட்பு பாராட்டிய மாஸ்கோவுக்கு அந்தச் சில நாள் என்ன ஆயிற்று? தாளைப் பாருங்கள். அமெரிக்காவோடு போர் மூளலாம் என்ற வாரத்தில் சீனாவைப் பகைத்துக்கொள்ள முடியாது. அமைப்புத் தளத்தில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நவம்பர் 19-ல் நேரு கென்னடிக்கு எழுதி விமானப் படை உதவி கேட்டார். அணிசேராமை அன்றோடு செத்தது என்பார்கள் யதார்த்தவாதிகள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. உதவி கேட்ட பின்னும் இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. டிசம்பரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் கூட்டிய மாநாட்டின் யோசனைகளை இந்தியா ஏற்றது, சீனா கொள்கையளவில் என்று சொல்லி நழுவியது. சிறிய நாடுகளின் மத்தியஸ்தத்துக்கு எல்லை எது என்று தாராளவாதிகளும் இங்கே யோசிக்க வேண்டும். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள்.

தினசரிப் பழக்கம்

வாரத்துக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தியை வெட்டி எடுத்து, அதே தாள் முறையில் தேதி, தளம், கோட்பாடு, தெரியாதவை என்று நிரப்புங்கள். ஒரு கோட்பாட்டுக்கு ரசிகர் மன்றம் வைக்காதீர்கள். யதார்த்தவாதம் என்ற பெயரால் அதுதான் யதார்த்தம் என்று முடிவு செய்வதும், தலைவர் மேடையில் சொன்னதையே நாட்டின் நோக்கமாக எடுத்துக்கொள்வதும் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள். கியூபாவில் மேடையில் சொன்னதும் ரகசியமாகக் கொடுத்ததும் வேறு வேறு.

கியூபா முடிந்ததும் 1999 கார்கில் போரை எடுங்கள். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுச் சோதனை நடத்தியிருந்தன, இரண்டிலும் தேர்தலில் வென்ற அரசுகள், பிப்ரவரியில்தான் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போய் வந்திருந்தார். ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்ற கருத்தும், அணு ஆயுதம் போரைத் தடுக்கும் என்ற கருத்தும் அங்கே ஒருசேர இடறும். பாகிஸ்தானில் அன்று முடிவெடுத்தது யார் என்ற கேள்வியை நடுத்தளத்தில் வைத்துத் தொடங்கினால் முதல் பக்கம் தானாக எழுதப்பட்டுவிடும்.